முன்கூட்டி வந்த தண்ணீர்

2022-ஆம் ஆண்டு மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமான நாள் ஜூன் 12. அந்த வருஷம் 120 அடி அணையில் தண்ணீர் கிட்டத்தட்ட நிரம்பி நின்றது. அதற்கு மேல் காத்திருக்கக் காரணம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் பாசனத்துக்குத் திறப்பது இதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. காவிரி டெல்டா முழுக்க சந்தோஷம். சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த எங்கள் அலுவலகத்தில், அந்தச் செய்தியைப் படித்துச் சங்கடப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் ப்ராடக்ட் மேனேஜர். இன்னொருவன் ப்ராஜெக்ட் மேனேஜரான நான்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது அறுவடை மெஷினை முன்பதிவு செய்யும் செல்போன் செயலி. குறுவை அறுவடை நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டத்திலும் மெஷினுக்கு அடிதடி நடக்கும். மெஷின்களில் பெரும்பாலானவை வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏறி வருபவை. வாடகை மணிக்கு 2,000 ரூபாய்க்கு மேல். நடுவில் புரோக்கர். அந்தப் புரோக்கரை எடுத்துவிட்டால் விவசாயிக்கும் லாபம், நமக்கும் கமிஷன் என்பது கம்பெனியின் கணக்கு. முதலீட்டாளர்களுக்குக் காட்டிய படங்களில் பச்சைத் துண்டு போட்ட ஒரு விவசாயி கையில் செல்போனோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

என் வேலை தேதிக்குப் பதில் சொல்வது. எந்தப் பகுதி யார் கையில் இருக்கிறது, எது முடியாததால் எது நிற்கிறது, டெஸ்டிங் ஆட்கள் எப்போது கிடைப்பார்கள், சர்வர் செலவுக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும், தாமதமானால் யாரிடம் முதலில் சொல்வது எல்லாம் என் எக்செல் தாளில் இருக்கும். அந்தத் தேதியில் வெளிவரும் சாமானை யாராவது தொடுவார்களா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ப்ராடக்ட் மேனேஜர். யாருக்காகச் செய்கிறோம், அவர்களுடைய இன்றைய இடைஞ்சல் என்ன, கேட்கிற ஐம்பது வசதிகளில் எந்த ஐந்து முதலில், எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். ரிலீஸ் ஆனதும் நான் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடலாம். செயலி உயிரோடு இருக்கும்வரை அவர் அதை விட்டுப் போக முடியாது. பயிற்சி வகுப்பில் இப்படித்தான் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுவார்கள். வகுப்பறைக்குள் அது சரியாகவே இருக்கும்.

என் தாளில் ரிலீஸ் தேதி செப்டம்பர் 15. மே 24 சாயங்காலம் அவர் என் மேஜைக்கு வந்தார்.

"சார், செப்டம்பர் 15 இனிமேல் ஆகாதுங்க. ஆகஸ்ட் கடைசிக்குள்ள வந்தாகணும்."

அவர் பொள்ளாச்சிப் பக்கம். தென்னை தெரியும், நெல் தெரியாது. ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார். ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்களுக்கு வயது ஏறக்குறைய 110 நாள். ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்கள் ஜூன் நடுவில் நாற்று விடுவது போய் மே கடைசியிலேயே விடுவார்கள். செப்டம்பர் முதல் பாதியில் மெஷின் வயலில் இறங்கிவிடும். பம்புசெட் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்னால். பதினைந்தாம் தேதி நாம் செயலியைத் திறந்துவைக்கும்போது பாதி வயலில் தாள்தான் நிற்கும்.

நான் தஞ்சாவூர்க்காரன். இதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் உள்ளே சுருக்கென்றது. தேதி என் அதிகாரத்துக்குள் இருப்பது. அவர் கை வைத்தது அதில். ப்ராடக்ட்காரர்கள் எதையாவது கூடச் சேர்க்கச் சொல்லித் தேதியைத் தள்ளுவார்கள், நாம் மறுப்போம், அதுதான் வழக்கம். இங்கே ப்ராடக்ட்காரரே தேதியை முன்னால் இழுக்கிறார்.

ஜூன் மாதம் இருவரும் ஊருக்குப் போனோம். அம்மாப்பேட்டைப் பக்கம் என் சித்தப்பாவுக்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் நிலம். நாற்றங்கால் பசேலென்று நின்றது. சித்தப்பா களத்துமேட்டில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். ப்ராடக்ட் மேனேஜர் நோட்டைத் திறந்தார்.

"ஐயா, உங்க வயலுக்கு மெஷின் எப்படிங்க பேசுவீங்க?"

"நான் எங்கம்மா பேசுறது? எனக்கு முன்னால இருக்கிற நாலு வயலும் அறுத்தாத்தான் வண்டி என் வயலுக்கே வரும்."

அந்த ஒரு பதிலில் எங்கள் செயலியின் பாதி ஆடிப்போனது. டெல்டாவில் பெரும்பாலான வயல்களுக்குத் தனி வண்டிப்பாதை கிடையாது. சாலையோரம் இருப்பவர் அறுத்து, அடுத்தவர் அறுத்து, அப்படியேதான் மெஷின் உள்ளே போக முடியும். ஈர வயலில் டயர் வண்டி இறங்காது. செயின் வண்டிதான் வேண்டும். செயின் வண்டி தார்ச்சாலையில் ஓடாது, லாரியில் ஏற்றித்தான் ஊர் விட்டு ஊர் நகர்த்த வேண்டும். இரண்டு ஏக்கருக்காக எவனும் லாரி ஏற்ற மாட்டான். ஆகவே ஒரு வாய்க்காலை ஒட்டிய வயல்காரர்கள் எல்லாரையும் ஒரே நேரத்துக்குத் திரட்டி, மொத்தமாக இத்தனை ஏக்கர் என்று மெஷின்காரருக்கு உறுதி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் புரோக்கர். கம்பெனி ஒழிக்கப் பார்த்த அதே ஆள்.

எங்கள் செயலியில் தனித்தனி விவசாயி தனித்தனியாகத் தேதி குறிப்பார். அவருக்கு இவர் வழிவிட வேண்டும் என்பதற்கு அதில் இடமே இல்லை.

அவர் மேலும் கேட்டுக்கொண்டே போனார். பதிவுத் திரையில் பட்டா எண் கேட்டிருந்தோம். சித்தப்பாவின் பக்கத்து வயல்காரர் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர். அவர் பெயரில் பட்டா ஏது? கோயில்களுக்கும் மடங்களுக்கும் இவ்வளவு நிலம் இருக்கிற ஊரில் சாகுபடி செய்கிறவன் ஒருவன், பட்டாவில் இருக்கிற பெயர் வேறு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் காட்டுவதற்கே அவர்கள் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைவார்கள். மெஷின் வாடகைக்கு எதற்கு அது? அந்தக் கட்டத்தை அவர் அங்கேயே உட்கார்ந்து அடித்துவிட்டார். வரப்பில் களை பறித்துவிட்டு வந்த இரண்டு பெண்கள், என்ன எழுதுகிறீர்கள் என்று விசாரித்தார்கள். சொன்னார். "மெஷின் வந்ததுலேருந்து எங்களுக்கு அறுப்புக் கூலியே இல்லாம போச்சு. இதுல எங்களுக்கு என்னம்மா இருக்கு?" என்றார் ஒருவர். அதையும் அவர் எழுதிக்கொண்டார். என் தாளிலும் சரி, அவருடைய வசதிப் பட்டியலிலும் சரி, அந்தக் கேள்விக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை.

சித்தப்பா அன்று ராத்திரி பழைய கணக்கு சொன்னார். 2012-இல் அணை திறந்தது செப்டம்பர் 17. 2017-இல் அக்டோபர் 2. அந்த வருஷங்களில் ஆற்றை நம்பியவனுக்குக் குறுவை கிடையாது. சம்பாவிலும் சி.ஆர். 1009 போல 150 நாளுக்கு மேல் நிற்கிற ரகத்தை விடப் பயந்து, வயது குறைந்ததைத் தேடினார்கள். எந்தத் தேதியில் தண்ணீர் வருகிறதோ அதைப் பொறுத்து என்ன விதை என்பது மாறும். விதை மாறினால் உரம், ஆள், மெஷின், வாங்குகிறவன் எல்லாமே மாறும். எங்கள் அலுவலகத்தில் தேதியும் சாமானும் இரண்டு பேருடைய இரண்டு சொத்து. சித்தப்பாவுக்கு அது ஒரே முடிவு, ஒரே ராத்திரியில் எடுத்தாக வேண்டியது.

இந்த இரண்டு பதவியும் பிறந்த கதையிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 1931-இல் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக் கம்பெனியில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கேமே சோப்பு. ஒவ்வொரு சோப்புக்கும் முழுப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும், விற்பனை ஏன் குறைந்தது என்று ஊர் ஊராய்ப் போய்ப் பார்த்துச் சரிசெய்வதுவரை அவர் கையில் இருக்க வேண்டும் என்பது குறிப்பின் சாரம். இன்றைய ப்ராடக்ட் மேனேஜருக்கு அதுதான் ஜாதகம் என்பார்கள். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வேறு வீட்டுப் பிள்ளை. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணையைச் செய்தபோது, ஆயிரக்கணக்கான ஒப்பந்தக்காரர்களின் வேலையைக் கோத்து, எது தாமதமானால் எல்லாம் தாமதமாகும் என்று கண்டுபிடிக்க ‘பெர்ட்’ என்ற கணக்கு முறையை உருவாக்கினார்கள். நான் எக்செலில் போடுகிற அம்புக்குறிகள் அதன் பேரப்பிள்ளைகள். அந்த வருஷங்களில் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சர் யார் தெரியுமா? 1957 முதல் 1959 வரை அதே நீல் மெக்எல்ராய். சோப்புக் குறிப்பு எழுதியவரின் துறையில்தான் ஏவுகணைத் தேதிக் கணக்கு பிறந்தது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மெக்எல்ராய் குறிப்பு எழுதிய 1931-இல் மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்தார்கள். ஒன்பது வருஷக் கட்டுமானம் ப்ராஜெக்ட். டெல்டாக்காரனுக்கு அதிலிருந்து கிடைத்தது ஜூன் 12 என்கிற தேதி.

ஆனால் என்னைக் கேட்டால் ப்ராஜெக்டுக்கும் ப்ராடக்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பாடமாக வைக்க வேண்டியது ஆடுதுறை 27 என்ற நெல் ரகம். என் தாத்தா தலைமுறையில் அந்தப் பேர் தெரியாதவர் இல்லை. 1960-இல் மத்திய அரசு ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடு ‘பாக்கேஜ் திட்டம்’ கொண்டுவந்தபோது நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுப்பது, இந்த வருஷம் இத்தனை ஏக்கர் என்று இலக்கு வைத்து எட்டுவது. நெற்றியில் எழுதி ஒட்டாத குறையாக அது ப்ராஜெக்ட். ஆனால் கொடுக்கிற விதை பழைய விதையாக இருந்தவரை பெரிதாக எதுவும் நகரவில்லை. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஜப்பானிய ரகத்தையும் நம் ரகத்தையும் கலந்து எடுத்த ஆடுதுறை 27 வந்தது. சுமார் 105 நாளில் அறுக்கலாம். ஒரு போகம் போட்ட இடத்தில் இரண்டு போகம். இரண்டு மூன்று வருஷத்தில் குறுவைப் பரப்பில் பெரும்பகுதி அதுவே ஆனது. இலக்கு தாண்டியது, அதிகாரிகளுக்கு நல்ல பேர்.

தாத்தா சொல்லும் மிச்சக் கதை வேறு. குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபர். மழை ஆரம்பிக்கிற சமயம். முன்பு அந்த நேரத்தில் இவ்வளவு நெல் களத்துக்கு வந்ததே இல்லை. இப்போது மலைபோல் குவிந்தது, ஈரத்தோடு. காயவைக்க வெயில் இல்லை, களம் இல்லை. நெல் சூடேறிக் கறுத்தது, முளைத்தது. விளைச்சல் கூடியது யாருக்கு, விற்க முடியாமல் நிற்கிறேனே என்று கேட்கிற விவசாயிக்குப் பதில் சொல்வது எந்த இலக்கிலும் எழுதப்படவில்லை. 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஈரநெல்லை என்ன செய்வது என்று பார்க்கவே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, இன்று புதுக்கோட்டை சாலையில் ‘நிஃப்டெம்’ என்ற பெயரில் தேசிய அளவிலான கல்வி நிறுவனமாக நிற்கிறது. ஒரு ரிலீஸுக்குப் பிறகு எழுந்த புகாரிலிருந்து ஒரு பல்கலைக்கழக வளாகம் முளைத்த கதை வேறெங்கும் இருக்கிறதா தெரியவில்லை. ஈரப்பதப் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்பது வேறு. கொள்முதல் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதம் என்ற வரம்பைத் தளர்த்தச் சொல்லி ஒவ்வொரு குறுவைக்கும் தில்லிக்குக் கடிதம் போகிறது. 2022 அக்டோபரிலும் 19 சதவீதம்வரை தளர்த்தினார்கள்.

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலும் அப்படித்தான். ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். தண்ணீர் கொள்ளிடத்தில் வீணாகப் போவது நின்றது. பிறகு காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து கரைகளை மிரட்டியது. 1840களில் அணையின் நடுப்பகுதியின் உயரத்தை 2 அடி குறைத்து, காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பைக் கட்டி, அதன் பிறகுதான் கணக்கு நேரானது. ஒரே எஞ்சினியரிங் இலாகா இரண்டு வேலையையும் செய்தது. கட்டியவர்களே கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

சென்னை திரும்பியதும் உட்கார்ந்தோம். தேதி இரண்டு வாரத்துக்கு மேல் முன்னால் வந்துவிட்டது. வாய்க்கால்வாரியாக வயல்களைச் சேர்த்துப் பதிவு செய்யும் புதிய வசதி சேர வேண்டும். ஆள் அதேதான். எதையாவது வெட்டியாக வேண்டும். இந்த இடத்தில்தான் இரண்டு வேலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எதை வெட்டினால் எத்தனை நாள் மிச்சம் என்று எனக்குத் தெரியும். எதை வெட்டினால் சாமானே செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர் கையில் கத்திரியைக் கொடுக்கக் கூடாது.

நடந்ததோ தலைகீழ். ஆன்லைன் பணம் செலுத்தும் வசதியை எடுத்துவிடலாம் என்றது நான். வங்கியோடு சேர்த்துச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பது என் தொழில் காரணம். அதோடு நிறுத்தாமல், எங்கள் ஊரில் மெஷின் வாடகையைப் பாதி ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, மீதியைக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் வந்த பிறகுதான் கொடுப்பார்கள், செல்போனில் முன்பணம் கட்டச் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்றேன். அது அவர் சொல்ல வேண்டிய வாதம். அவர் பதிலுக்கு, டெஸ்டிங் ஆட்களை இன்னொரு ப்ராஜெக்டிலிருந்து ஜூலையிலேயே மாற்றி வாங்க வழி இருக்கிறது என்று ஒரு அட்டவணையை நீட்டினார். அது நான் போட வேண்டியது. ஒரே ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அறுப்பு முடிந்ததும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று டிரைவர் பதிவு செய்ய, அது விவசாயிக்கும் மெஷின்காரருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். வரப்பில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி மணிக்கணக்குச் சண்டை. அதற்கு நான்கு நாள் வேலை. கொடுத்தேன்.

மேலிடத்துக்கு இதெல்லாம் ருசிக்கவில்லை. புரோக்கரையே உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்களே என்றார்கள். முதலீட்டாளர்களுக்குச் சொன்ன கதை வேறல்லவா?

ஆகஸ்ட் கடைசி வாரம் வெளியிட்டோம். பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் புரோக்கர்கள். ஒரு புரோக்கர் தன் பழைய டைரியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதிலேயே வாய்க்கால்வாரியாகக் கணக்கு வைத்தார். மணிக்கணக்குக் குறுஞ்செய்தியைச் சித்தப்பா அழிக்காமல் வைத்திருந்து எனக்குக் காட்டினார். பதிவு செய்துகொண்ட விவசாயிகளின் எண்ணிக்கை மட்டும் பரிதாபம். மாத அறிக்கையில் என் பகுதி பச்சை: தேதிக்குள், செலவுக்குள். கம்பெனி கேட்டிருந்த அளவுகோலின்படி அவர் பகுதி சிவப்பு. அவர் அளவுகோலை மாற்றச் சொல்லி மன்றாடினார். எத்தனை விவசாயி என்று எண்ணாதீர்கள், இதன் வழியாக எத்தனை ஏக்கர் அறுபட்டது என்று எண்ணுங்கள் என்றார். ப்ராடக்ட் மேனேஜரின் வேலையில் மிகக் கடினமானது இதுதான் என்று அப்போது தோன்றியது: எது ஜெயித்தது என்று தீர்மானிக்கிற அளவையே பேரம் பேசி வாங்குவது. என் அளவை காலண்டரில் அச்சடித்தே வரும். மேலிடம் அவருக்குச் செவிசாய்க்கவில்லை. இரண்டு குறுவைக்குப் பிறகு செயலியை மூடிவிட்டார்கள். அவர் வேறு கம்பெனிக்குப் போனார். நானும் பிறகு வெளியே வந்தேன்.

2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் டைடல் நியோ என்ற ஐ.டி. பூங்காவைத் திறந்தார்கள். தெரிந்த பையன் ஒருவன் ஊரிலேயே சின்னதாக மென்பொருள் கம்பெனி வைத்திருக்கிறான், நெல் வியாபாரிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும். வேலைக்கு ஆள் எடுக்க எழுதிய விளம்பரத்தை என்னிடம் காட்டினான். ‘ப்ராஜெக்ட் மற்றும் ப்ராடக்ட் மேனேஜர், ஒரு இடம்.’

"ரிலீஸுக்கு முந்தின வாரம் தேதி ஒரு பக்கம் இழுக்கும், ஆலைக்காரர் ஒரு பக்கம் இழுப்பார். உன் ஆள் அப்ப யார்கிட்டப்பா சண்டை போடுவான்?" என்றேன்.

"தனக்குத்தானே போட்டுக்கட்டும் சார். ரெண்டு சம்பளத்துக்கு நான் எங்க போறது?"

நியாயம்தான். ஐந்து பேர் கம்பெனியில் இரண்டு மேனேஜர் வைத்தால் வேலை செய்ய மூன்று பேர்தான் மிச்சம். ஒரே ஆளே பார்க்கட்டும் என்று ஒப்புக்கொண்டு, விளம்பரத்தில் ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னேன்: குறுவை, சம்பா அறுவடை வாரங்களில் ஆலைகளிலும் கொள்முதல் நிலையங்களிலும் தங்க வேண்டியிருக்கும். சேர்த்தான். அந்த ஒரு வரியால் விண்ணப்பம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று போன வாரம் போன் செய்து குறைபட்டுக்கொண்டான்.